சமக்குறி இல்லாத கால்குலேட்டர்

மாமா இறந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அத்தை அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மேலே நாலைந்து கைலி, அதற்குக் கீழே நூல் கட்டிய பழைய பீல்டு புக்குகள், அதற்கும் கீழே வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொருள். துணியைப் பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. "இது உனக்குத்தாம்ப்பா, அவரு எப்பவோ சொல்லிட்டாரு" என்று கையில் கொடுத்தார். கால் கிலோ கனம். ஹெச்பி-35 கால்குலேட்டர்.

ரங்கூனில் (எங்கள் வயதுக்காரர்களுக்கு யாங்கோன் என்று வாயில் வருவதில்லை) நான் கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவன். தாம்வேயில் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள், பாதிப் பேர் நம் பிள்ளைகள், பாதிப் பேர் பர்மாக்காரப் பிள்ளைகள், எல்லாருக்கும் நான் 'சயா', அதாவது வாத்தியார். கணக்கின் மேல் எனக்குப் பிரியம் வந்ததற்குக் காரணம் மாமாவும் இந்த மெஷினும்தான். அதனால் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது. மெஷினே கைக்கு வந்த பிறகு இனியும் தள்ளிப்போட முடியாது.

முதலில் இது என்ன மெஷின் என்று சொல்லிவிடுகிறேன். 1972 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஹெவ்லெட்-பேக்கார்ட் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவில், சைன், கோசைன், மடக்கை (லாக்) எல்லாம் போடத் தெரிந்த முதல் கால்குலேட்டர் இதுதான். அதற்கு முன்னால் கையடக்கமாக வந்தவை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலோடு நின்றுவிடும். அதே கம்பெனி 1968ல் 9100ஏ என்று ஒரு மேஜை மெஷின் செய்திருந்தது, கிட்டத்தட்ட 18 கிலோ, விலை 4,900 டாலர். கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் ஹெவ்லெட், அதையே தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரி செய்து தரச் சொன்னார். இஞ்சினியர்கள் அவர் சட்டைப் பையை அளந்து பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. இவ்வளவு விலைக்கு யார் வாங்குவார்கள், இதற்குச் சந்தையே இல்லை என்று ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். ஹெவ்லெட் கேட்கவில்லை. 395 டாலர் விலை வைத்தார்கள். பத்தாயிரம் விற்றால் போட்ட காசு வந்துவிடும் என்பது கணக்கு, முதல் வருஷமே ஒரு லட்சம் விற்றது. 1975ல் நிறுத்துவதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேல் போய்விட்டது. மொத்தம் 35 பொத்தான் இருப்பதால் 35 என்று பெயர், அவ்வளவுதான்.

அந்த மூன்று லட்சத்தில் ஒன்று எப்படி ரங்கூனுக்கு வந்தது என்றால், கப்பல்காரர் மூலமாக. அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் எதுவுமே இங்கே கடையில் கிடையாது. சோப்பு முதல் டிரான்சிஸ்டர் வரை எல்லாம் கப்பலில் வேலை செய்பவர்கள் கொண்டுவந்து இறக்குவதுதான். மாமாவின் கூட்டாளி ஒருவர் கப்பலில் இருந்தார். 1975ல் அவர் எங்கோ ஒரு துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் இதைப் பார்த்து, மாமா கணக்கு வேலை செய்பவராயிற்றே என்று வாங்கி வந்திருக்கிறார். அத்தையின் ஒரு ஜோடி வளையல் போனது இதற்குத்தான். அத்தை அதை ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

மாமா நிலம் அளக்கும் ஒரு அலுவலகத்தில் கணக்குப் போடுபவராக இருந்தார். வெளியே போய்த் தியோடலைட் வைத்துக் கோணம் பிடித்து, செயின் இழுத்து நீளம் அளந்துகொண்டு வருவது சர்வேயர் வேலை. அந்தப் பீல்டு புக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடும் வடக்கே எவ்வளவு போகிறது, கிழக்கே எவ்வளவு போகிறது என்று கணக்கிட்டு, சுற்றி வந்த கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடிகிறதா என்று பார்ப்பது மாமாவின் வேலை. ஒரு கோட்டுக்கு ஒரு சைன், ஒரு கோசைன், இரண்டு பெருக்கல். இருபது கோடு இருந்தால் நாற்பது பெருக்கல். ஏழு இலக்க லாக் புத்தகம் ஒன்று பன்சொடான் நடைபாதையில் வாங்கியது வைத்திருந்தார், அதன் ஓரமெல்லாம் விரல் பட்டுப் பட்டு எண்ணெய்த்தாள் மாதிரி ஆகியிருந்தது. ஸ்லைடு ரூலும் (அளவுகோலை நகர்த்திக் கணக்குப் பார்ப்பது) இருந்தது, ஆனால் ஸ்லைடு ரூலில் மூன்று இலக்கத்துக்கு மேல் நம்ப முடியாது. நில அளவைக்கு அது போதாது. ஒரு பெரிய நிலத்தின் கணக்கை முடிக்க இரண்டு ராத்திரி ஆகும். சின்ன வயதில் நான் அந்த லாக் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எண்களைப் படித்துச் சொல்வேன், மாமா எழுதுவார்.

இந்த மெஷின் வந்த அன்று ராத்திரியை என்னால் மறக்க முடியாது. நான் அப்போது சின்னப் பையன். மாமா சுவிட்சைத் தள்ளினார், இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு சைபரும் புள்ளியும் வந்தது. அந்தச் சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போதைய கால்குலேட்டரில் இருப்பது சாம்பல் நிறத் திரையில் கறுப்பு எழுத்து. இதில் ஒவ்வொரு எண்ணும் தானே எரிகிறது. உண்மையில் எண்கள் ரொம்பப் பொடிசு. ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே பிளாஸ்டிக்கிலேயே ஒரு சின்னக் குமிழ் லென்ஸ் வார்த்து வைத்திருக்கிறார்கள், அதுதான் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஐந்து ஐந்தாக மூன்று தொகுதி, மொத்தம் பதினைந்து இடம். பத்து இலக்கம், அடுக்குக்கு இரண்டு, இரண்டு குறிகளுக்கு இரண்டு, தசமப் புள்ளிக்கென்று தனியாக ஒரு இடம். நேராகப் பார்த்தால் பவளம் மாதிரி இருக்கும், சற்றுச் சாய்த்துப் பார்த்தால் காணாமல் போய்விடும். வெயிலில் சுத்தமாகத் தெரியாது. மாமா எப்போதாவது சர்வேயரோடு வெளியே போனால் குடைக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் கணக்குப் போடுவார்.

அன்றைக்கு மாமா சமக்குறியைத் தேடினார். இல்லை. கூட்டல் இருக்கிறது, கழித்தல் இருக்கிறது, பெருக்கல் வகுத்தல் இருக்கிறது (நாலும் எண்களுக்கு இடது பக்கம் வரிசையாக), ஆனால் சமம் என்று ஒரு பொத்தானே கிடையாது. அதற்குப் பதிலாக மற்றப் பொத்தானைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் 'என்டர்' என்று ஒன்று. கொண்டுவந்தவர் புத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை. கூட இருந்த அலுவலகத்து நண்பர் ஒருவர், நன்றாகப் படித்தவர், 3, கூட்டல், 4 என்று அழுத்திப் பார்த்துவிட்டு மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்றார்.

மாமா பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் 3, என்டர், 4, அதன் பிறகு கூட்டல். 7 வந்தது.

"இது நம்ம தாத்தா கணக்குடா மாப்ளே" என்றார்.

தாத்தா, அதாவது மாமாவின் அப்பா, யுத்தத்துக்கு முன்னால் முகல் தெருவில் செட்டியார் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதியவர். மாகாணி, காணி, முந்திரி வரைக்கும் கீழ்வாய் இலக்கம் (பழைய பின்னக் கணக்கு) தலைகீழாகத் தெரியும். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து வாயாலேயே கணக்குச் சொல்வார், பிள்ளைகள் மனசிலேயே போட்டுக்கொண்டு வர வேண்டும். எப்படிச் சொல்வார்? "எட்டையும் அஞ்சையும் கூட்டு. மூணால பெருக்கு. நாலால வகு." கேட்டுப் பாருங்கள். முதலில் எண் வருகிறது, அப்புறம்தான் என்ன செய்ய வேண்டும் என்பது வருகிறது. இந்த மெஷினில் அதே கணக்கை எப்படி அழுத்துவது? 8, என்டர், 5, கூட்டல், 3, பெருக்கல், 4, வகுத்தல். ஒன்பதே முக்கால். தாத்தா சொன்ன வாக்கியத்தை அப்படியே விரலால் திருப்பிச் சொன்ன மாதிரி.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு, தமிழில் சொன்னால் 'தலைகீழ்ப் போலந்து முறை'. யான் லூகாசியேவிச் என்கிற போலந்துத் தர்க்கவாதி 1920களில் அடைப்புக்குறி இல்லாமல் எழுத ஒரு வழி கண்டார், அதில் குறி முன்னால் வரும், எண்கள் பின்னால் வரும். அதைத் திருப்பிப் போட்டால் இது. சரி, அவர்கள் பார்வையில் இது தலைகீழ். நமக்கு இதில் எது தலைகீழ்? வினைச்சொல் கடைசியில் வருகிற மொழி நம்முடையது. 'பன்னிரண்டை நாலால் வகு' என்றுதான் சொல்கிறோம். '12 ÷ 4 =' என்று எழுதுவது பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம், வாயில் வருவது வேறு. பர்மா மொழியும் இதே மாதிரிதான், வினை கடைசியில். ஒரு அமெரிக்கக் கம்பெனி, போலந்துக்காரர் ஒருவரின் யோசனையைத் திருப்பிப் போட்டுச் செய்த மெஷின், ரங்கூனில் ஒரு தமிழர் கைக்கு வந்ததும் சொந்த ஊர்க்காரன் மாதிரி பேசிவிட்டது. இதை நான் ஐம்பது வருஷமாக நினைத்து நினைத்து ஆச்சரியப்படுகிறேன்.

அந்த என்டர் பொத்தான் என்ன செய்கிறது என்று மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த விதமும் நினைவிருக்கிறது. அத்தை சமையல்கட்டில் வைத்திருந்த நாலடுக்குக் கேரியரைக் கொண்டுவந்து வைத்தார். மெஷினுக்குள் எண் போட்டு வைக்க நாலு தட்டு இருக்கிறது. கீழ்த்தட்டு எக்ஸ், அதற்கு மேல் ஒய், இசட், எல்லாவற்றுக்கும் மேலே டி. நமக்குக் கண்ணில் தெரிவது கீழ்த்தட்டு மட்டும். என்டர் அழுத்தினால் எண் ஒரு தட்டு மேலே ஏறும், புதிது கீழே வரும். கூட்டல் அழுத்தினால் கீழ் இரண்டும் சேர்ந்து ஒன்றாகும், மேலே இருப்பவை ஒரு தட்டு இறங்கும். ஐந்தாவது எண் வந்தால் உச்சியில் இருந்தது விழுந்துவிடும், அதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி போட்டு எழுதுகிற எவ்வளவு பெரிய கணக்கானாலும் அநேகமாக நாலு தட்டுக்குள் முடிந்துவிடும். உள்ளே இருக்கும் கணக்கை முதலில் முடி, வெளியே வா. அவ்வளவுதான். இடையில் வரும் ஒவ்வொரு விடையும் கண்ணெதிரே தெரிகிறது என்பது இதில் இன்னொரு நல்லது. தப்புச் செய்தால் எந்த இடத்தில் என்று உடனே பிடித்துவிடலாம்.

மாமாவின் வேலைக்கு இதில் ஒரு குறை இருந்தது. தியோடலைட் கொடுப்பது பாகை, நிமிடம், வினாடி. இந்த மெஷினுக்குப் பாகை மட்டும்தான் தெரியும், அதுவும் தசமத்தில். அடுத்து வந்த ஹெச்பி-45ல் அதை மாற்றித் தரும் வசதியை வைத்துவிட்டார்கள், இதில் கிடையாது. ஆனால் மாமா அதைக் குறை என்று ஒருநாளும் சொன்னதில்லை. 37 பாகை 24 நிமிடம் 18 வினாடி என்றால், வினாடியிலிருந்து தொடங்குவார். 18, என்டர், 60, வகுத்தல். 24, கூட்டல். 60, வகுத்தல். 37, கூட்டல். 37.405. பத்து விநாடிகூட ஆகாது, பார்க்காமலே அழுத்துவார். பிறகு அதை நினைவில் போட்டுக்கொள்வார் (ஒரே ஒரு நினைவு இடம் உண்டு), சைன் அழுத்தி, 125.6 அடியால் பெருக்கினால் கிழக்கே 76.295 அடி. நினைவிலிருந்து கோணத்தை எடுத்து, கோசைன், மறுபடி 125.6, வடக்கே 99.772 அடி. லாக் புத்தகத்தில் கால் மணி நேரம் ஆகிற வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. இரண்டு ராத்திரிக் கணக்கு ஒரு சாயங்காலமாகிவிட்டது. சோற்றுக்கு உட்காரும்போது மாமாவும் எங்களோடு உட்கார ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

உண்மையிலேயே ஒரு குறையைச் சொல்ல வேண்டுமென்றால் அடுக்குப் பொத்தானைச் சொல்வேன். இரண்டின் மூன்றாம் அடுக்கு வேண்டுமென்றால் 2, என்டர், 3 என்று அழுத்தத்தான் கை போகும். இதில் 3, என்டர், 2 என்று மாற்றி அழுத்த வேண்டும், அடுக்கை முதலில் கொடுத்துவிட்டு அடியை அப்புறம் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாம் பேச்சு வரிசையில் போகும்போது இது மட்டும் முரண்டு பிடிக்கிறது. ஹெச்பி-45லேயே இதைத் திருத்திவிட்டார்கள், திருத்தியதுதான் சரி. இன்னொன்று, விடை 0.01க்குக் கீழே போனால் உடனே பத்தின் அடுக்காக மாற்றிக் காட்டிவிடும், எத்தனை தசம இடம் வேண்டும் என்று நாம் சொல்ல வழியில்லை. சைபரால் வகுத்தால் சைபர் ஒன்று மின்னி மின்னி எரியும். சின்னப் பையனாக இருந்தபோது அது மின்னுவதைப் பார்ப்பதற்காகவே அழுத்திவிட்டு மாமாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்புறம், சைன் எப்படிப் போடுகிறது? இதைத்தான் டியூஷன் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள், நானும் மாமாவைக் கேட்டிருக்கிறேன், அவருக்கும் அப்போது தெரியாது. உள்ளே லாக் புத்தகம் மாதிரி பெரிய அட்டவணை இருக்கும் என்று இருவருமே நினைத்தோம். அப்படி இல்லை. இந்த மெஷினின் மொத்த அறிவும் 768 கட்டளைகளில் அடங்கியிருக்கிறது, ஒவ்வொன்றும் பத்து பிட், 256 கட்டளை கொள்ளும் சில்லுகள் மூன்று. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், மடக்கை, முக்கோணவியல் எல்லாம் அதற்குள். அட்டவணைக்கு அங்கே இடமே இல்லை. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கார்டிக் என்று ஒரு முறை. 1950களின் பிற்பகுதியில் ஜாக் வோல்டர் என்பவர் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டும் கருவிக்காகக் கண்டுபிடித்தது. ஹெச்பி-35க்குள் அதைப் பொருத்தியவர் டேவிட் காக்ரன்.

சந்தையில் தராசு பார்த்திருப்பீர்கள் இல்லையா, அதை வைத்துத்தான் நான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். கடைக்காரர் முதலில் பெரிய படிக்கல்லை வைத்துப் பார்ப்பார், தட்டுத் தாழ்ந்தால் எடுத்துவிட்டு அடுத்த கல், எத்தனை தாங்குமோ அத்தனை, பிறகு அதைவிடச் சின்னது. மெஷினிடமும் சில படிக்கற்கள் இருக்கின்றன, கோணப் படிக்கற்கள். முதல் கல் 45 பாகை, அதன் டேன் 1. அடுத்தது சுமார் 5.71 பாகை, அதன் டேன் 0.1. அடுத்தது 0.573, டேன் 0.01. அப்படியே பத்தில் ஒன்றாகக் குறைந்துகொண்டு போகும். நம் 37.405 பாகையை நிறுத்துப் பார்ப்போம். 45 ஒரு முறையும் போகாது. 5.71 ஆறு முறை போகும். மீதியில் 0.573 ஐந்து முறை. அதற்கு மீதியில் 0.0573 நாலு முறை. இப்படியே. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சின்னத் திருப்பம், டேன் 0.1, 0.01 என்று இருப்பதால் அந்தத் திருப்பத்துக்குப் பெருக்கலே வேண்டாம், தசமப் புள்ளியை நகர்த்திக் கூட்டினால் போதும். கூட்டவும் நகர்த்தவும் மட்டுமே தெரிந்த ஒரு சில்லு, அதைக்கொண்டே டேனைக் கண்டுபிடித்து அதிலிருந்து சைனையும் எடுத்துவிடுகிறது. எடைக்கல்லும் தராசும் கொண்டு கோணத்தை நிறுக்கிற இந்த யோசனை முதன்முதலாகப் புரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் 'வீசைக்கல்லுதான், வேற ஒண்ணுமில்ல' என்று சிரித்தார். பர்மாவில் இன்றைக்கும் சந்தையில் வீசைதான் (1.63 கிலோ), அந்தச் சொல்லே நம்மிடமிருந்து போனதுதானே.

இதே காலத்தில் வேறு மெஷின்களும் வந்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஸ்ஆர்-50 1974ல் வந்தது, அதில் சமக்குறி உண்டு, எழுதுகிற வரிசையிலேயே அழுத்தலாம், விலையும் பாதிக்குக் கீழே. இங்கிலாந்தில் சின்க்ளேர் சயன்டிபிக் அதே வருஷம் 49.95 பவுண்டுக்கு வந்தது, வெறும் 320 கட்டளையில் மடக்கையும் முக்கோணவியலும் போட்டுக்காட்டியது. அதுவும் சமக்குறி இல்லாத ஜாதிதான். ஆனால் நாலு இலக்கம்கூட நம்ப முடியாது, சில விடைக்குப் பல விநாடி காத்திருக்க வேண்டும். அந்தக் குறுகிய இடத்தில் அவர்கள் செய்தது பெரிய காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நிலக் கணக்குக்கு அதைக் கொண்டு மாமா உட்கார்ந்திருக்க முடியாது.

1987ல் இதை விற்கும் நிலைமை ஒருமுறை வந்தது. அத்தைக்கு உடம்பு முடியாமல் காசு தேவைப்பட்டது. ஒருவர் 75 சாட் நோட்டும் 35 சாட் நோட்டுமாகக் கட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அத்தை கட்டிலில் படுத்தபடியே 'வேணாம், வேலைக்கு வெச்சிருக்கிறதை விக்காதீங்க' என்றார். மாமா திருப்பி அனுப்பிவிட்டார். அந்த செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள், மாற்றிக்கொள்ள ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. எத்தனையோ குடும்பம் ஒரே நாளில் கையை விரித்து உட்கார்ந்தது. சில நாளில் 45 சாட், 90 சாட் என்று புது நோட்டு வந்தது. '35 போச்சு, 45 வந்துருச்சு, ஹெச்பி கம்பெனி மாதிரியே' என்று மாமா ஒருமுறை மெதுவாகச் சொன்னார், அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது பெட்டியிலிருந்து எடுத்த மெஷினுக்கு வருகிறேன். பின்பக்க மூடியைக் கழற்றினால் பேட்டரி கட்டு கசிந்து, தகடுகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. இடையில் ஒரு காலத்தில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து அவர் பேட்டரியை எடுத்துவிட்டு நேராக அடாப்டரில் போடப் பார்த்தாராம், மாமா தடுத்துவிட்டாராம். நல்ல வேளை. பேட்டரி உள்ளே இல்லாமல் சார்ஜரில் போட்டால் உள்ளே இருக்கும் சில்லுகள் போய்விடக்கூடும், இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் மறக்கக் கூடாது. அந்தப் பச்சைப் பூப்பு காரம், அதனால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தேன், பிறகு ஸ்பிரிட், பிறகு இரண்டு நாள் காயவிட்டேன். உள்ளே மூன்று நிக்கல்-காட்மியம் செல்தான், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். அதே அளவு சார்ஜ் செய்கிற டபுள்-ஏ செல் மூன்று வாங்கி, வெளியிலேயே சார்ஜ் செய்து, தகடு வைத்துச் சேர்த்துக் கட்டி உள்ளே வைத்தேன்.

பொத்தான்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பது வருஷம் கழித்தும் ஒரு எழுத்துகூட அழியவில்லை. காரணம் அவை மேலே அச்சடித்தவை இல்லை, இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்திருக்கிறார்கள், பொத்தான் தேய்ந்தாலும் எழுத்து அடிவரை இருக்கும். அழுத்தும்போது ஒரு இடத்தில் 'டக்' என்று விரலுக்குத் தெரியும், அதற்குமேல் சந்தேகமே வராது. மாமா பார்க்காமல் அழுத்தியதற்கு அதுதான் காரணம்.

சுவிட்சைத் தள்ளினேன். அன்றைக்குச் சாயங்காலம் கரண்டும் இல்லை. இருட்டில் சிவப்பாகச் சைபர், புள்ளி.

முதலில் போட்டுப் பார்த்தது 2.02. இதற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் வந்த மெஷின்களில் ஒரு பிழை இருந்தது: 2.02க்கு இயல் மடக்கை எடுத்து, உடனே அதன் எதிர்ச் சார்பை அழுத்தினால் 2.02 திரும்பி வர வேண்டும், ஆனால் வெறும் 2 வரும். கண்டுபிடித்தபோது 25,000 மெஷின் விற்றுப்போயிருந்தது. கம்பெனி மறைக்கவில்லை, வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, விரும்பினால் மாற்றித் தருகிறோம் என்றது. நிறையப் பேர் மாற்றாமலே வைத்துக்கொண்டார்கள். மாமாவுடையது பழைய சாமான் கடையில் வாங்கியது, எந்தக் காலத்து மெஷின் என்று எங்களுக்குத் தெரியாது. அழுத்தினேன். 2.02 வந்தது. திருத்திய மெஷின். மாமா போட்ட எந்தக் கணக்கிலும் இயல் மடக்கை வராது, எப்படி இருந்தாலும் அவர் கணக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் எனக்கு நெஞ்சு லேசானது.

மறுநாள் வகுப்பில் இதைக் கொண்டுவந்து வைத்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் பர்மாக்காரப் பெண் ஒருத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, "சயா, சமம் எங்கே?" என்றாள். கைபேசியில் கால்குலேட்டர் பழகிய பிள்ளை. நான் பதில் சொல்லவில்லை. மாமாவின் பீல்டு புக்கில் பென்சிலால் எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்தேன், 37 பாகை 24 நிமிடம் 18 வினாடி, 125.6 அடி, எதிரே 76.295, 99.772. "உன் மொழியில் இந்தக் கணக்கை வாயால் சொல்லு, சொல்லிக்கொண்டே அழுத்து, என்டர் என்றால் 'இதை வெச்சுக்கோ' என்று அர்த்தம்" என்றேன். முதல் தடவை தட்டு மாறிவிட்டது, அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சைன் அழுத்தியதும் எண்கள் ஒரு கணம் துடித்து நின்றன. பெருக்கினாள். 76.295 என்று தொடங்கி அதற்கு மேலும் ஐந்து இலக்கம். மாமா எழுதியதை விரலால் தொட்டுப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள்.

"அடுத்தது சொல்லுங்க, சயா."

118 பாகை, 42 நிமிடம், 6 வினாடி, நீளம் 88.2 அடி என்று படித்தேன். அவள் முதலில் 6ஐ அழுத்தினாள்.